இடிக்கும் குடியிருப்பின் கான்கிரீட்டை எழும்பும் குடியிருப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும், திட்டப்பகுதிகளில் பொறுப்பு வகிக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி, கான்கிரீட் கட்டை என்று நாள்தோறும் கைக்கு வருவதை அளந்து, நசுக்கி, எண்ணை எழுதிக் கொடுப்பது என் வேலை. பழைய கான்கிரீட்டையும் பழைய சாந்தையும் தூளாக்கிச் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பயன்படுத்துவது பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். அதைத் தமிழ்நாட்டில் முறையாகத் தொடங்கத் தகுதியான அமைப்பு எது என்று யோசித்தபோது மாநகராட்சியோ தனியார் கட்டுமான நிறுவனங்களோ என் நினைவுக்கு வரவில்லை. உங்கள் வாரியம்தான் வந்தது. அதற்குக் காரணம் எளியது.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய நீங்கள் அந்தக் காலத்தில் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் பல இன்று ஆயுள் முடிந்து நிற்கின்றன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் சரிந்து விழுந்ததையும், விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியேறியதால் அங்கிருந்தவர்கள் உயிர் தப்பியதையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சிதிலமடைந்த அடுக்குகளை இடித்து அதே இடத்தில் புதிய அடுக்குகளைக் கட்டும் பணியை நீங்கள் செய்து வருகிறீர்கள். நகரின் மற்ற இடங்களில் இடிப்பவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர்; இடையில் கிடக்கும் குவியலுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை. வாரியத்தின் மனையில் மட்டும் பழைய கட்டடமும் உங்களுடையது, புதிய கட்டடமும் உங்களுடையது, நடுவில் கிடக்கும் குவியலும் உங்களுடையது. அந்தக் குவியலை என்ன செய்வது என்பதை ஒரே கையெழுத்தில் தீர்மானிக்கக்கூடிய அமைப்பு இந்த நகரத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் ஒரு பழைய கட்டடம் எப்படி இடிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயினும் அதை ஒருமுறை சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இடிப்பு ஒப்பந்தக்காரரின் கண் கம்பியின் மேல் இருக்கும். கதவு, ஜன்னல், மரச்சட்டம், குழாய், மின்கம்பி எல்லாம் முதலில் கழன்று போகும். பிறகு பிரேக்கர் பொருத்திய இயந்திரம் தளத்தை உடைக்கும். ஆட்கள் சம்மட்டியால் கான்கிரீட்டைத் தட்டிக் கம்பியை உருவி, நிமிர்த்தி அடுக்குவார்கள். ஓரத்தில் சில பெண்கள் அமர்ந்து முழுச் செங்கல்லில் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுத்தியின் முனையால் கொத்தி எடுப்பார்கள். அந்தச் செங்கல்லுக்கும் விலை உண்டு. இவ்வளவும் போக மிஞ்சுவதற்கு நம் ஊரில் 'ரப்பீஸ்' என்று பெயர். உடைந்த தளம், பூச்சு, அரைச் செங்கல், ஓடு, மண், தெர்மாகோல் எல்லாம் ஒன்றாகக் கலந்த அந்த ரப்பீஸ் லாரியில் ஏறிப் போய் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்புகிறது. பள்ளம் ஏரிக்கரையாக இருந்தாலும் சதுப்பு நிலத்தின் ஓரமாக இருந்தாலும் லாரிக்கு வேறுபாடு தெரியாது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்புகளே அதற்குச் சாட்சி.

அந்தக் குவியலில் உண்மையில் என்ன இருக்கிறது? ஒரு தளத்திலிருந்து உடைந்த துண்டை எடுத்து, புதிதாக உடைத்த முகத்தில், காரத்தன்மை இருந்தால் நிறம் காட்டும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். துண்டின் நடுப்பகுதி சட்டென்று ரோஜா நிறத்துக்கு மாறும். வெளி விளிம்பில் ஒரு விரற்கடை அளவோ அதற்கு மேலோ நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். நிறம் மாறிய இடத்தில் சிமெண்ட் நீரோடு சேர்ந்தபோது உண்டான சுண்ணாம்பு இன்னும் காரத்தன்மையோடு இருக்கிறது. நிறம் மாறாத விளிம்பு இத்தனை ஆண்டுகளாகக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகத் திரும்பிக் கொண்டிருக்கிறது. சுவரின் பூச்சுச் சாந்தில் இதே கரைசலைத் தெளித்தால் பெரும்பாலும் நிறமே வராது. மெல்லியதாக இருப்பதால் அது முழுவதுமாக மாறிவிட்டிருக்கும். ஆகவே கான்கிரீட் தூளையும் சாந்துத் தூளையும் ஒரே பொருளாகக் கருதுவது முதல் தவறு. இரண்டிலும் பெரும்பங்கு மணல்தான் என்பது உண்மை. ஆனால் ஒன்றில் இன்னும் வினைபுரியக்கூடிய சுண்ணாம்பும், நீர் எட்டாமல் உள்ளே தங்கிவிட்ட பழைய சிமெண்ட் துகள்களும் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்துச் சிமெண்ட் இன்றையதைவிடச் சற்றுக் கரடாக அரைக்கப்பட்டது என்பதால் இந்த வாய்ப்பு 1970களின் கட்டடங்களில் கூடுதல். மற்றொன்றான சாந்துத் தூள் ஏறக்குறைய ஒரு நிரப்பியாகவே வேலை செய்யும்.

எங்கள் கூடத்தின் பின்புறம் நசுக்கி முடித்த கான்கிரீட் கட்டைகள் குவிந்து கிடக்கும். 15 சென்டிமீட்டர் கட்டை ஒன்று எட்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 7ஆம் நாள் மூன்று, 28ஆம் நாள் மூன்று என்று ஒவ்வொரு வேலையிலிருந்தும் வருவதால் குவியல் குறைவதே இல்லை. செடிகளுக்கு வரப்பு கட்டியும், கதவுக்கு முட்டுக் கொடுத்தும் தீராது. ஒருமுறை அவற்றில் சிலவற்றை உடைத்து, ஜல்லியின் தேய்மானம் பார்க்கும் இயந்திரத்தில் இரும்புக் குண்டுகளோடு போட்டுச் சுற்றவிட்டு, 75 மைக்ரான் சல்லடையில் சலித்தெடுத்தோம். சிமெண்டின் வலிமை பார்க்கும் சிறு கட்டைக்கு 200 கிராம் சிமெண்டும் 600 கிராம் தர மணலும் சேர்ப்பது வழக்கம். அந்தத் தர மணல் நம் எண்ணூரிலிருந்துதான் நாடு முழுவதற்கும் போகிறது என்பது இடையில் ஒரு பெருமைக்குரிய செய்தி. நாங்கள் 180 கிராம் சிமெண்டோடு 20 கிராம் தூளைச் சேர்த்து வார்த்தோம். பிறகு தூளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். பத்தில் ஒரு பங்கு மாற்றியபோது 28ஆம் நாள் வலிமையில் குறைவு சிறிதாகவே இருந்தது. முப்பது விழுக்காடு போனபோது கட்டை தன் பலவீனத்தை ஒளிக்கவில்லை. இன்னொன்றையும் கையிலேயே உணர்ந்தோம்: பழைய சிமெண்ட் பசை நுண்துளை நிறைந்தது என்பதால் தூள் தண்ணீரைக் குடித்தது, கலவை கரணைக்கு இழுக்காமல் முறுகியது. வேலைத்தளத்தில் இருக்கும் மேஸ்திரி இப்படி ஒரு கலவையைக் கண்டால் யோசிக்காமல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவார். தூளால் போகும் வலிமையைவிட அந்த ஒரு வாளியால் போவது அதிகமாக இருக்கும்.

இதை ஒரு கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள நான் எழுதவில்லை. நன்றாக அரைத்தாலும் பழைய கான்கிரீட் தூள் சிமெண்ட் ஆகிவிடாது. 500 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் அதிலுள்ள நீர் பிரிந்து மறுபடியும் ஓரளவு பிணையும் தன்மை பெறுகிறது. அரைத்தால் சிமெண்டாகும் உலைக்கட்டியான கிளிங்கருக்குத் தேவையான 1450 டிகிரியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆயினும் அதற்கென்று உலை வேண்டும். 2024இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய சிமெண்ட் பசையை இரும்பு உருக்கும் மின் உலையில், உருக்கும்போது கசடைப் பிரிக்க உதவும் இளக்கியாகச் சேர்த்துக் கிளிங்கருக்கு ஒப்பான பொருளைத் திரும்பப் பெற முடியும் என்று காட்டினார்கள். ஐரோப்பா 2023இல் இத்தகைய சிமெண்டுக்கென்றே தனித் தரநிலை வெளியிட்டது. நம் நாட்டில் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கு இடம் தந்திருக்கிறது: கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை, எம்25 என்ற வலிமைத் தரம் வரையான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை, எம்15க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுவதும். ஆனால் அந்த ஜல்லியை நொறுக்கும்போது அடியில் தங்கும் நுண்தூளைச் சிமெண்டோடு சேர்ப்பதற்கு அத்தகைய இடம் இல்லை. பழைய சிமெண்ட் பசையின் பெரும்பகுதி அந்த நுண்தூளில்தான் போய்ச் சேருகிறது. கேட்டு வாங்க ஆளில்லாமல் கிடப்பதும் அதுதான். நொறுக்கும் ஆலையிலேயே பாதி அரைபட்டு வருவதால் அதை மேலும் அரைக்கச் செலவாகும் மின்சாரமும் குறைவு.

முறையான வழி இல்லாத இடத்தில் முறையற்ற வழி திறந்துகொள்ளும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் குடியிருப்பில் புதுப் பூச்சு ஆறு மாதத்துக்குள் உப்புப் பூத்து, விரல்நகம் பட்டாலே பொரிந்து விழுகிறது என்று எங்களை அழைத்தார்கள். பூச்சு மணல் என்று விலைக்கு வாங்கிய லோடில் இடிபாட்டுத் தூள் கலந்திருந்தது. மணலைக் கழுவியபோது வெள்ளைத் துகள்கள் மிதந்தன. ஃபால்ஸ் சீலிங் உடைத்த ஜிப்சம். சிமெண்டோடு சேர்ந்த ஜிப்சம் ஈரம் பட்டு உப்பியதில் பூச்சு தன்னைத் தானே தள்ளிக்கொண்டுவிட்டது. விற்றவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கிய ஒப்பந்தக்காரர் விலை மலிவு என்பதற்கு மேல் எதுவும் பார்க்கவில்லை. இடிபாடு ஏற்கெனவே புதிய கட்டடங்களுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சோதனை இல்லாமல் போகிறது என்பதுதான் கவலை.

இந்த இடத்தில் செங்கல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் பழைய அடுக்குகளில் பெரும்பாலும் செங்கல் சுவர்கள். நாட்டுச் செங்கல் குறைந்த சூட்டில் வெந்தது. அதன் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் மெதுவாகக் கெட்டிப்படும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் நிற்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்; அந்தச் சுர்க்கி சுட்ட மண்ணின் தூள்தான். என் கருத்தைக் கேட்டால், உங்கள் இடிபாட்டில் சிமெண்டுக்குத் துணைபோகக் கூடுதல் தகுதியுள்ளது கான்கிரீட்டைவிட அரைச் செங்கல்லாகவே இருக்கக்கூடும். கான்கிரீட் தூளில் சுண்ணாம்பு இருக்கிறது; செங்கல் தூளுக்குச் சுண்ணாம்பு தேவை. இரண்டையும் அளவறிந்து சேர்த்தால் ஒன்றுக்கொன்று உதவும். அளவறிய வேண்டுமென்றால் முதலில் இரண்டும் தனித்தனியாகக் கையில் இருக்க வேண்டும். கான்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் சாந்தும் என்று பிரித்து வைக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகள் பெரிய இடிப்பு வேலைகளுக்குச் சொல்லியதும், அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை மறுசுழற்சிப் பொருள் வாங்க வழி சொல்லியதும் உங்கள் கோப்புகளில் இருக்கும். 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய விதிகள் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களின் உரிமையாளர்மீதே பொறுப்பை வைக்கின்றன. உங்கள் மறுகட்டுமானத் திட்டங்களில் பல அந்த அளவைத் தாண்டக்கூடியவை.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். வடசென்னை அனல் மின் நிலையங்களின் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கும்போது இதற்கு என்ன தேவை என்று உங்கள் பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலக்கரிச் சாம்பல் இதைவிடச் சிறந்த துணைப்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாம்பல் சிமெண்டில் அது 15 முதல் 35 விழுக்காடு வரை ஏற்கெனவே கலந்து வருகிறது. ஆனால் சாம்பலைப் பயன்படுத்துவதால் உங்கள் மனையில் கிடக்கும் குவியல் கரையாது. அதை அள்ளிக்கொண்டு போகும் லாரி வாடகை எப்படியும் யார் தலையிலாவது விழத்தான் செய்யும். ஏற்கெனவே சாம்பல் கலந்த சிமெண்டோடு இந்தத் தூளையும் சேர்த்தால் என்னவாகும் என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது. அதுவரை சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டோடு மட்டும் சேர்ப்பதே நல்லது.

உப்பு இதைவிடப் பெரிய கவலை. பட்டினப்பாக்கம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் நாற்பது ஆண்டு நின்ற கான்கிரீட்டில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456இன் கட்டுப்பாடு; பழைய தூள் வழியாக அந்த உப்பைப் புதிய தூணுக்குள் நாமே கொண்டுபோய் வைக்கக் கூடாது. இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். மாடிப் படிக்கட்டின் மேலும், பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறையின் மேலும் குடியிருப்போர் போட்ட ஷீட்டுகள் பழைய அடுக்குகளில் எத்தனையோ இருக்கும். அவை ஒன்றுகூட உடையாமல் இயந்திரம் வருவதற்கு முன்பே இறக்கப்பட வேண்டும்; அரவைக்குள் ஒரு துண்டு போனாலும் அந்தத் தூளை யாரும் தொடக் கூடாது. அரைக்கும் இடத்தில் தண்ணீர்த் தெளிப்பும் முகமூடியும் கட்டாயம். கான்கிரீட் தூளில் பெரும்பங்கு சிலிக்கா என்பதும் அது நுரையீரலை என்ன செய்யும் என்பதும் கல் குவாரிகளில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கே பயன்படுத்துவது என்பதில் என் கோரிக்கை கண்டிப்பானது. ஏழைகளின் வீட்டைச் சோதனைக் கூடமாக்காதீர்கள். 2021இல் உங்கள் வாரியத்தின் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பின் பூச்சு உதிர்வதாக எழுந்த புகாரும், ஐஐடி சென்னையிடம் ஆய்வு கேட்கப்பட்டதும் மக்கள் நினைவில் இருக்கின்றன. அப்படிப்பட்ட சூழலில் 'இடிபாட்டுத் தூள் கலந்த வீடு' என்ற ஒரு சொல் போதும், நல்ல முயற்சியும் நாறிப்போகும். எனவே தூண், உத்தரம், தளம், பூச்சு எதிலும் இது வேண்டாம். குடியிருப்பின் உள் சாலைகளில் பதிக்கும் பேவர் பிளாக், நடைபாதை ஓரக்கல், சுற்றுச்சுவருக்கான சாலிட் பிளாக், அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட் ஆகியவற்றில் சிமெண்டின் பத்து விழுக்காட்டோடு நிறுத்தித் தொடங்குங்கள். தொழிற்சாலையில் அழுத்தி வார்க்கும் பிளாக்குகளில் தண்ணீரின் அளவு இயந்திரத்தின் கையில் இருப்பதால் மேஸ்திரியின் வாளிக்கு அங்கே வேலையில்லை. அதே ஆலையில் அதே நாளில் தூள் சேர்க்காத பிளாக்குகளையும் வார்த்து, அருகருகே பதித்து, இரண்டு மழைக்காலம் கழித்துத் தோண்டியெடுத்து நசுக்கிப் பார்த்தால் விவாதத்துக்கு இடமிராது. வீட்டுக்குள் கொண்டுபோவதா வேண்டாமா என்பதை அந்த எண்களைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்விக்கு அரியலூர்தான் பதில். சுண்ணாம்புக்கல் 100 கிலோவை உலையில் வேகவைத்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போகிறது; எரிபொருளின் புகை இதற்கு மேல் தனிக் கணக்கு. அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் கடல் உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து உண்டானது. அதை ஒருமுறை வேகவைத்து, நாற்பது ஆண்டு வீடாக வைத்திருந்து, பிறகு சதுப்பு நிலத்தில் கொட்டிவிட்டு மறுபடியும் அரியலூருக்கே போய் வெட்டுகிறோம். அந்த மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை நடத்தும் தமிழ்நாடு சிமெண்ட் கழகமும் அரசுடையது. 2021இல் 'வலிமை' என்ற பெயரில் சிமெண்டை அறிமுகப்படுத்தியது. வாரியமும் கழகமும் ஒரு மேசையில் அமர்ந்து, பிரித்தெடுத்த கான்கிரீட் நுண்தூளை உலையின் மூலப்பொருளோடு எவ்வளவு சேர்க்கலாம் என்று பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. அதில் உள்ள சுண்ணாம்பின் ஒரு பகுதி முன்பே வெந்தது. அந்த அளவுக்குப் புதிய வாயு வெளியேறாது. மணல் மிகுதியாக இருப்பதால் அளவு குறைவாகவே அமையும் என்பதையும், 250 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றிச் செல்லும் செலவையும் மறைக்க நான் விரும்பவில்லை. சென்னையிலேயே அரைத்துச் சென்னையிலேயே பிளாக் வார்ப்பதுதான் முதல் வழி, அரியலூர் இரண்டாவது.

நடைமுறையில் உங்களிடம் கேட்பது இவ்வளவே. அடுத்து இடிக்கவிருக்கும் ஒரே ஒரு திட்டப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்; கடலிலிருந்து தள்ளி இருப்பதாகப் பாருங்கள். இடிப்பு ஒப்பந்தத்தில் கம்பியின் விலையை மட்டும் கணக்கிடாமல், கான்கிரீட், செங்கல், பூச்சு மூன்றையும் தனித்தனிக் குவியலாக ஒப்படைப்பதற்கு டன் கணக்கில் ஒரு தொகை வையுங்கள். தொகை இல்லாத நிபந்தனையை எந்த ஒப்பந்தக்காரரும் படிப்பதில்லை. பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ உள்ள இடிபாட்டு ஆலையில் அந்தக் குவியல்களை நகரின் மற்ற ரப்பீஸோடு கலக்காமல் தனி நாளில் நொறுக்கித் தர ஏற்பாடு செய்யுங்கள். விலை விகிதப் பட்டியலில் இந்தப் பிளாக்குக்கென்று ஒரு வரி இல்லாவிட்டால் கீழ்நிலைப் பொறியாளர் எவ்வளவு ஆர்வம் கொண்டவராக இருந்தாலும் மதிப்பீட்டில் எழுத முடியாது. தணிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டியது மேலே இருப்பவர்கள்.

மாதிரி எடுப்பதை மட்டும் இடிப்புக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். இயந்திரம் உள்ளே வந்துவிட்டால் எந்தத் தூள் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குடியிருந்தவர்கள் காலிசெய்த மறுவாரம், படிக்கட்டுத் தளத்திலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் கழிவறைச் சுவரிலிருந்தும் துளையிட்டு எடுக்கும் சில உருளைகள் போதும். ஒரு அடுக்குக்கு ஒரு நாள் வேலை. குளோரைடு, சல்பேட், நிறம் மாறாத விளிம்பின் ஆழம் மூன்றையும் பார்த்துவிட்டால் எந்த அடுக்கின் கான்கிரீட் அரவைக்குப் போகலாம், எது வெறும் நிரப்புக்கு மட்டும் என்று இடிப்பதற்கு முன்பே சுவரில் பெயிண்டால் எழுதிவிடலாம். அந்த முதல் மாதிரிகளைக் கட்டணம் இல்லாமல் சோதித்துத் தர எங்கள் கூடத்தில் உள்ளவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துளையிடும் இயந்திரத்துக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.

இங்ஙனம்,
கட்டுமானப் பொருள் சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.